பிரசவங்களின் எண்ணிக்கை

எங்கள் வீட்டில் ஃபேன் உண்டு, ஓடாது. ரிப்பேர் எல்லாம் இல்லை. அம்மாவுக்குக் குளிரும்.

வாலாஜாபாத்தில், மே மாதத்தில், சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே ஒருத்திக்குக் குளிருகிறது என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நான் சொன்னதில்லை. வியர்வை நோட்டில் சொட்டச் சொட்டப் படித்தேன். தாங்காமல் எழுந்து ஸ்விட்சைத் தட்டினால் மூலையில் போர்வைக்குள்ளிருந்து, "வேணாம் யாழினி" என்று குரல் வரும். அவ்வளவுதான். திட்டமாட்டாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அம்மா பெயர் அம்சவல்லி. எந்நேரமும் தூங்குவாள். உலை வைத்துவிட்டுத் தூங்குவாள், துணியை ஊறப்போட்டுவிட்டுத் தூங்குவாள். முகம் மெழுகு பூசின மாதிரி வெளுத்திருக்கும். புருவத்தில் வெளிப்பாதி உதிர்ந்து போயிருந்தது. தெருவில் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர். நானே அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நான்தான் பள்ளியில் முதல். பரிசு வாங்க மேடைக்குப் போனபோது அப்பா லோடு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றார். அம்மா வரவில்லை. புடவை மாற்றி, செருப்பைப் போட்டு, வாசப்படியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாளாம். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கல்லூரி இரண்டாம் வருடம் பாடப்புத்தகத்தில் அவளைப் பார்த்தேன். அவளே இல்லை, ஏதோ ஊர்ப் பெண்ணின் படம். அதே வெளுப்பு, அதே பாதிப் புருவம். பிட்யூட்டரி பற்றிய பாடம். மூளைக்கு அடியில் எலும்பில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அதில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு சுரப்பி. உடம்பு எப்போது விழிக்க வேண்டும், எப்போது சூடேற வேண்டும், எப்போது பால் சுரக்க வேண்டும் என்று மற்ற சுரப்பிகளுக்கெல்லாம் சொல்லி அனுப்புவது அதுதான். கர்ப்ப காலத்தில் அது பெருத்திருக்கும். பிரசவத்தில் ரத்தம் அளவுக்கு மீறிப் போனால் முதலில் பட்டினி கிடந்து சாவதும் அதுதான். பெண் பிழைத்துவிடுவாள். சுரப்பி பிழைக்காது.

அன்று வீட்டுக்கு ஓடினேன். "பிரசவத்துல உனக்கு ரொம்ப ரத்தம் போச்சா?" என்று கேட்டேன். "போச்சு" என்றாள் அம்மா. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஒரே பிள்ளை நான். கணக்கு ஒத்துப்போய்விட்டது. இவளை இப்படி ஆக்கினது நான்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவை யாரிடமும் சொல்லாமல் கோபமாக மாற்றி வைத்துக்கொண்டேன். சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன், டாக்டர் மாத்திரை எழுதினார். அம்மா கொஞ்சம் எழுந்து நடமாடினாள். ஆனால் மாத்திரைக்குத் தினமும் ஒரே அளவுதான் தெரியும். உடம்பின் தேவையோ நேரத்துக்கு நேரம் மாறும். காய்ச்சல் வந்தால், வயிற்றுப்போக்கு வந்தால், நல்ல சுரப்பி அந்த நிமிஷமே கூடுதலாக வேலை செய்யச் சொல்லும். அம்மா உடம்பில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. ஒரே வருடத்தில் இரண்டு முறை ரத்த அழுத்தம் தரைக்குப் போய் நினைவு தப்பினாள். மூன்றாம் முறை திரும்புவார்களா என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அதனால்தான் ஒரகடத்தில் இந்த ஆய்வக வேலைக்கு வந்தேன். இங்கே பிட்யூட்டரி வளர்க்கிறோம். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து, அவற்றின் பழைய பாடத்தை மறக்க வைத்து, புதுப் பாடம் சொல்லிக்கொடுத்து, குடுவையில் பிரியவிடுவோம். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். குறித்த எண்ணிக்கை வந்ததும் பிரிவதை நிறுத்திவிட்டுச் சுரக்கத் தொடங்க வேண்டும். நின்றால் நல்லது. பிறகு மூக்கு வழியாக மெல்லிய ஊசியை விட்டு அந்தக் குழியில் விதைப்பார்கள். நிற்கத் தெரியாத செல் போய்ச் சேர்ந்தால் அது கட்டியாகி மேலே இருக்கும் கண் நரம்பை அழுத்தும். நோயாளிகளின் முதல் தொகுதியில், வேறு யாருடைய செல்லோ கலந்துபோய், ஒருவருக்கு அப்படித்தான் பார்வை போனது. அதற்குப் பிறகு, யாருடையது என்று உறுதியாகாத செல் எதுவும் யார் தலைக்குள்ளும் போகக் கூடாது என்று சட்டமாகவே வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் தொகுதியில் பன்னிரண்டு பேர். அம்மாவுக்கு இடம் கிடைத்தது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் படிவமும் நான்தான் நிரப்புவது. ரேஷன், வங்கி, அப்பாவின் லைசென்ஸ், பக்கத்து வீட்டு விதவைப் பென்ஷன். பேனாவை எடுத்தால் யாரையும் எதுவும் கேட்க மாட்டேன், மளமளவென்று எழுதி முடித்து, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைப்பேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

மஜ்ஜை எடுத்த அன்று அம்மா பிழைத்ததே பெரிது. மயக்க மருந்து கொடுத்ததும் அழுத்தம் இறங்கி நாலு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். இன்னொரு முறை எடுக்க உடம்பு தாங்காது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஆக, இருந்தது ஒரே ஒரு குடுவை. ஏழாம் எண்.

சொந்தக்காரர்களின் குடுவையைத் தொடக் கூடாது என்பது விதி. ஆனால் தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் அங்கேதான் போய் நிற்பேன். அம்மாவின் செல்களில் முக்கால்வாசி விழிக்கவே இல்லை. அவளைப் போலவே படுத்துக் கிடந்தன. ஒரு சின்னக் கூட்டம் மட்டும் துடிப்பாகப் பிரிந்தது. பன்னிரண்டாம் நாள் குடுவை முழுவதும் அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள்தான். ஒரு சனிக்கிழமை பொறுப்பாளர் லீவு. ஊட்டத் திரவம் மாற்ற வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. நான் மாற்றினேன். பதிவேட்டில் எழுதவில்லை.

திங்கட்கிழமை தரக்கட்டுப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார்கள். மைதிலி மேடமும் டாக்டர் ஃபெலிக்ஸும் இருந்தார்கள். மைதிலி மேடம் அந்தப் பிரிவின் தலைவர். எல்லாரையும் நீங்க என்பார், அந்த நீங்க-வில் ஒரு கை தூரம் இருக்கும். விதைக்கும் மருத்துவர் ஃபெலிக்ஸ் எல்லாரையும் அம்மா, ஐயா என்பார்.

மேடம் தாளை என் பக்கம் திருப்பினார். அடையாளச் சோதனை. 'நோயாளியின் செல்: இல்லை. உறவு: தாய், பிள்ளை.'

"அவசரச் சோதனைல இவ்ளோதான் தெரியும்," என்றார். "குடுவைல இருக்கறது உங்க அம்மாவோட செல் இல்ல. அவங்க பிள்ளையோடது. அவங்களுக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை இந்தக் கட்டடத்துல வேலை செய்யுது. நான் என்ன நினைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவின் செல்கள் பிரியவில்லை என்று பார்த்துவிட்டு நான் என்னுடையதை ஊற்றிவிட்டேன் என்று நினைக்கிறார்கள்.

"குடுவையைத் தொட்டீங்களா?"

"தொட்டேன். திரவம் மாத்தினேன். சனிக்கிழமை."

"எழுதல."

"எழுதல."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். உங்களை மாதிரிக் கஷ்டப்பட்டு வந்த பிள்ளைங்களுக்கு வாய்ப்புக் கொடுக்கணும்னு எடுத்தோம், உணர்ச்சிவசப்பட்டு இப்படிச் செய்யலாமா என்கிற மாதிரி ஏதோ சொன்னார். குரலில் நிஜமான வருத்தம்கூட இருந்தது. அந்த வருத்தம்தான் எனக்குப் பற்றி எரிந்தது.

"வாய்ப்பு நீங்க குடுக்கல மேடம், பரீட்சை எழுதி வந்தேன்," என்றேன். "எழுதாதது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. என் செல்ல ஊத்தல. இப்பவே என் ரத்தத்த எடுத்து முழுச் சோதனை போடுங்க."

முழுச் சோதனைக்கு இரண்டு நாள். அதற்குள் யாருடையது என்று உறுதியாகாவிட்டால் ஏழாம் குடுவையை வியாழக்கிழமை மாலை அழித்துவிட வேண்டும் என்று குறிப்பு எழுதினார்கள். கையை நீட்டினேன். ஊசி குத்தினது தெரியவில்லை. வியாழனுக்குப் பிறகு அம்மாவுக்கு வேறு குடுவை கிடையாது, மனசில் அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை ஃபெலிக்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா" என்றார்.

"உன்னோடது இல்ல. உனக்கு ரொம்ப நெருக்கம், ஆனா நீ இல்ல."

"அப்ப யாரு சார்?"

"ஆண்."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஃபெலிக்ஸ் நிதானமாகச் சொன்னார். "வயித்துல இருக்கற பிள்ளை தாய்கிட்ட இருந்து வாங்கிக்க மட்டும் செய்யறதில்ல. கொஞ்சம் விட்டுட்டும் போகும். அதோட செல்லுங்க தொப்புள்கொடி வழியா தாய் ரத்தத்துல ஏறி, மஜ்ஜைல போய் உக்காந்துக்கும். இருபது வருஷம், முப்பது வருஷம்கூட. தாயோட உடம்பு அத விரட்டாது. உங்க அம்மாவோட செல்லெல்லாம் ஓய்ஞ்சு கெடந்துச்சு. நாம எழுப்பினப்ப எழுந்தது இதுதான்."

"எனக்கு அண்ணன் தம்பி கிடையாது சார்."

மேடம் ஒரு தாளை மேசையில் வைத்தார். என் கையெழுத்து. 'பிரசவங்களின் எண்ணிக்கை: 1.'

"இது சரியா இருந்திருந்தா திங்கட்கிழமை உங்களை நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன்," என்றார். "அவங்ககிட்ட கேட்டு எழுதினீங்களா?"

அம்மாவை எந்த டாக்டரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன். "கேக்கல மேடம்," என்றேன்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு," என்றார் மேடம். "போய்க் கேளுங்க."

அரை நாள் லீவு போட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா விழித்திருந்தாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கட்டைப் பிரித்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்குச் சுற்றி வளைக்க வராது.

"என்னைத் தவிர ஒரு பையன் பொறந்தானா?"

அவள் கை நின்றது. "உங்கப்பா சொன்னாரா?"

"அவனே சொன்னான்," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அம்மா ஒரே மூச்சில் சொல்லவில்லை. நடுநடுவே கீரையைப் பார்த்தாள். அப்போது அவர்கள் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில் இருந்தார்கள். எனக்கு மூன்று வயது நிறையவில்லை. அவளுக்கு எட்டாம் மாதம். கல் தூக்கும்போது வலி கண்டது. வண்டி வருவதற்குள் கொட்டகையிலேயே பிறந்தது, அழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. அவளுக்கு நினைவு வர மூன்று நாள் ஆனது. அதற்குள் அப்பா துணியில் சுற்றி எடுத்துப்போய் ஏரிக்கரையில் புதைத்துவிட்டார். பிறகு அந்த ஊரே வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்கள். வாலாஜாபாத்தில் யாருக்கும் தெரியாது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சூளைல ஒருத்தி சொன்னா, பெரியது பொண்ணு, அது ராசி, தம்பிய முழுங்கிடுச்சின்னு. உனக்கு அந்தப் பேச்சு காதுல விழக் கூடாதுன்னு இருந்தேன். அப்பறம் பழகிப்போச்சு."

"என்னைப் பெத்தப்பதான் உனக்கு இப்படி ஆச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பாதிப் புருவத்தை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை.

"உன்னைப் பெத்ததுல எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆவல. மறுவாரமே கல்லு அடிக்கப் போனேன். உனக்கு ரெண்டரை வருஷம் பால் குடுத்தேன். பல்லு மொளச்சும் விடல, கடிப்ப. அப்பவே கோவக்காரி."

கீரையை அப்படியே போட்டுவிட்டு அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். கடைசியாக எப்போது அப்படிப் படுத்தேன் என்று நினைவில்லை. அவள் கை என் கழுத்தில் ஐஸ் மாதிரி இருந்தது. எடுக்கச் சொல்லவில்லை.

செல், குடுவை எல்லாவற்றையும் பிறகு சொன்னேன். அவனை வைத்துத்தான் இனி உன் சுரப்பி என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மூடிக்கொண்டது.

"வேணாம்," என்றாள். "சூளைல எல்லாரும் நடக்கத் தெரிஞ்ச பிள்ளைங்களயே கல்லுக்கு மண்ணு மிதிக்க விட்டாங்க. உன்னை நான் விடல. மேஸ்திரி எவ்ளோ கேட்டும் விடல. இவன் பொறந்து அழக்கூட இல்ல, அவங்கிட்ட போய் நான் வேலை வாங்கணுமா? என் தலைல உக்காந்து எனக்கு ஒழைச்சுக் கொட்டணுமா?"

நீ செத்துருவம்மா என்றேன். அதற்கு என்ன என்பது மாதிரிப் பார்த்தாள். கடைசியில், "வந்து பாக்கவாச்சும் பாரு. நாளைக்கு அழிச்சிடுவாங்க," என்றேன். அதற்கு வருகிறேன் என்றாள்.

வியாழக்கிழமை காலை அப்பா லோடு வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார். முந்தின இரவே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். உள்ளே கூப்பிட்டதற்கு, வண்டிய ஓரமா விடணும் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

அம்மா ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டாள். மைதிலி மேடம் தானே ஏழாம் குடுவையை எடுத்துவந்து நுண்ணோக்கியில் வைத்தார். என்னை ஓர் அடி தள்ளி நிற்கச் சொன்னார், விதி விதிதான். ஒரு செல் பிரியும் நேரம் பார்த்து மேடம் இடத்தைக் குறித்து வைத்திருந்தார். அம்மாவுக்கு எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியவில்லை. மேடம் பின்னால் நின்று, "ரெண்டு கண்ணாலயும் பாக்கலாம்மா" என்று அவள் தலையை மெதுவாகப் பிடித்துச் சரியாக வைத்தார்.

ரொம்ப நேரம் பார்த்தாள். முழுசாகப் பிரிய அரை மணிக்கு மேல் ஆகும். யாரும் அவசரப்படுத்தவில்லை. உருண்டையாக இருந்தது நீளும், நடுவில் இடுப்பு விழும், இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு தயங்கும், பிறகு விட்டுவிடும். நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்று நான் அம்மாவின் முதுகைத்தான் பார்த்தேன்.

"வலிக்குமா அதுக்கு?" என்று கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"வலிக்காதும்மா," என்றார் ஃபெலிக்ஸ். "நாங்க யாரும் அவனைப் பிடிச்சு உள்ள வெக்கல. இருபத்தோரு வருஷமா அவனா உங்ககிட்ட இருக்கான். நாங்க எழுப்பினோம், அவ்ளோதான். நேத்து ஒரு பங்கத் தனியா எடுத்து நிறுத்திப் பாத்தோம், சொன்ன கணக்குல பிரிஞ்சு நின்னுட்டான்."

"மொகம் பாக்கல நான்," என்றாள் அம்மா. "சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அம்மா லேசாகச் சிரித்தாள். குடுவையின் ஓரத்தில் இரண்டாகிவிட்ட செல்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்திருப்பாள்.

"வேலை எங்க செய்யறான்," என்றாள். "வெளையாடறான்." நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. வரட்டும்," என்றாள்.

நெறிமுறைக் குழுவுக்குப் புதுப் படிவம் எழுத வேண்டியிருந்தது. செல் கொடுப்பவர் பெயர், பாதுகாவலர் கையெழுத்து எல்லாம் கேட்டிருந்தார்கள். நான் பேனாவை எடுத்தேன். முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அவள் சொன்ன பிறகுதான் எழுதினேன். அவள் பிறந்த தேதி இத்தனை வருடமாகத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பிரசவங்களின் எண்ணிக்கை என்று படித்தேன். "ரெண்டு" என்றாள். கொடுப்பவர் பெயர் என்று படித்துவிட்டு நிறுத்தினேன்.

"தருண்," என்றாள் உடனே. "உன் பேர மாதிரி தமிழ்ப் பேரு இல்ல. டிவில கேட்டது. நல்லா இருந்துச்சு. தப்பா?"

"நல்லாத்தான் இருக்கு," என்று எழுதினேன்.

எனக்கு மூன்று மாதச் சம்பள உயர்வு வெட்டு, பதிவேட்டில் எழுதாததற்கு. மைதிலி மேடம் கையெழுத்துப் போட்ட உத்தரவைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை பேசினது தப்பு என்றார். சரிங்க மேடம் என்றேன்.

விதைத்த பிறகு வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள். ஆறாவது வாரம் முதல் அளவு ஏறியது. ஒன்பதாவது வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நானும் அப்பாவும் பையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தோம். அவள் கஞ்சி குடித்துவிட்டு எழுந்து துணி துவைக்கப் போனாள். கண் சோதனையில் பார்வை ஓரம்வரை சரியாக இருந்தது. சொன்ன இடத்தில் நின்றுவிட்டான். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் திருவள்ளூர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

மே மாதம் வந்தது. ஒரு மத்தியானம் நான் தரையில் படுத்து நனைந்த பனியனோடு புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். துடைத்த தலைப்பைப் பார்த்தாள். ஈரம். என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

"என்னடி இப்படி வேர்க்குது. ஃபேனைப் போடு."

நான் எழுந்த வேகத்தில் புத்தகம் எங்கோ போய் விழுந்தது. ஸ்விட்சைத் தட்டினேன். அது ஒரு தரம் முனகி, பல வருஷத்துத் தூசியை எங்கள் மேல் கொட்டிவிட்டுச் சுற்றியது. ரெகுலேட்டரைக் கடைசிவரை திருப்பினேன்.

அம்மா என் பக்கத்தில் படுத்தாள். அவள் கை என் தோளில் பட்டது. சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கின் மேல்பக்கம், இரண்டு புருவத்துக்கும் நடுவில், விரலை வைத்து மூடிக்கொண்டு சொன்னாள்:

"கொஞ்சம் கொறச்சு வை யாழினி. பிள்ளைக்கு ஆவாது."